அனுப்பிய கை

ஆர்டோரல்
1621 நவம்பர் 14

என் சின்னண்ணன் டோர்கிலுக்கு, தங்கை மார்சலி சொல்லச் சொல்ல போதகர் மர்டோ ஐயா எழுதுவது. கர்த்தர் தயவால் எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒல்லாந்துக் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? போன வருஷத்து இருமல் விட்டதா?

மேலே இருக்கிற ஊர்ப் பெயரைப் பார்த்ததுமே உனக்குப் புரிந்திருக்கும். நான் டோரல் குலத்தார் வீட்டில் இருக்கிறேன். மூன்று நாள் முன்னால், மார்ட்டின் நாளன்று, இரண்டு குலத்துக்கும் சமாதானம் ஆயிற்று. பெரியண்ணன் ஃபார்க்கரைக் கொன்ற சோர்லி நம் ஆலய முற்றத்துக்கு வெறுங்காலோடு, மெல்லிய வெள்ளைச் சட்டை ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டு வந்தான். தரையெல்லாம் உறைபனி. வாளின் முனையைத் தன் கையில் பிடித்துக்கொண்டு முழங்காலிட்டு, பிடியைச் சித்தப்பா பக்கம் நீட்டினான். யாரோ தும்மினார்கள். அப்புறம் சித்தப்பா பிடியைத் தொட்டார். தொட்டால் மன்னித்ததாகக் கணக்கு.

அன்றைக்கே எனக்கும் சோர்லிக்கும் கல்யாணம். நடுவில் ஒரு பெண் இருந்தால் வாளெடுக்க யோசிப்பார்கள் என்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். "நீ போனா நம்ம பக்கம் இன்னொரு பொணம் விழாதும்மா" என்றார் சித்தப்பா. சரி என்றேன்.

உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. கூடப் பிறந்த நீயும் அந்தப் பிடியைத் தொட வேண்டுமாம். அடுத்த மார்ட்டின் நாள் வரை கெடு. வர முடியாவிட்டால் உன் வலது கையுறையை அனுப்பு. அதன்மேல் பிடியை வைப்பார்கள், அது உன் கை. எதுவும் வராவிட்டால் சமாதானம் முறிந்தது. என்னைத் திரும்ப அழைத்துக்கொள்வார்கள். சோர்லியை நம் ஆட்கள் யார் வேண்டுமானாலும் கொல்லலாம்.

அழுதாயா என்று கேட்பாய். இல்லை. ஃபார்க்கரைக் கொண்டுவந்து கிடத்திய அன்றும் அழவில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். உன்னைக் கர்த்தர் காக்கட்டும்.

உன் தங்கை,
மார்சலி


பெர்கன் கோட்டை
1622 ஜனவரி 20

அன்புள்ள மார்சலி,

உன் கடிதம் வந்தது. நான் சுகம். இருமல் இல்லை. இங்கே ஆறெல்லாம் உறைந்துவிட்டது, ஊர்க்காரர்கள் அதன்மேல் சறுக்கி விளையாடுகிறார்கள். பெரிய மனிதர்கள்கூட விழுந்து எழுந்து சிரிக்கிறார்கள். எங்கள் படைப்பிரிவில் எல்லாருக்கும் புது பூட்ஸ் வந்தது. எனக்கு வந்தது சின்னது.

போதகர் ஐயாவுக்கு என் வணக்கம். நம் வீட்டுக் குதிரை இன்னும் இடதுபக்கம் நொண்டுகிறதா என்று சித்தப்பாவைக் கேட்டு எழுது.

நீ நல்லபடி இரு. அந்த வீட்டு உப்பைக் குறைவாகத் தின்னு.

டோர்கில்


ஆர்டோரல்
1622 மார்ச் 9

சின்னண்ணனுக்கு மார்சலி. எல்லாரும் சுகம், போதகர் ஐயா தவிர. காய்ச்சலில் விழுந்தார். தேறி வந்தாலும் கை நடுக்கம் நிற்கவில்லை, பேனாவைப் பிடிக்க முடியவில்லை. இந்த வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். இதை எழுதிக்கொண்டிருப்பது சோர்லி. அதை முதலில் சொல்லிவிட்டு மற்றதைச் சொல் என்றவரும் அவரேதான். இனி உன் கடிதங்களை எனக்கு வாசித்துக் காட்டப்போகிறவரும் அவர்தான். அதைத் தெரிந்துகொண்டு எழுது.

நான் என்ன சொன்னாலும் எழுதுகிறார். சோதித்துப் பார்க்கத்தான் சொன்னேன், "இவர் உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை" என்று. "அப்படியே எழுதவா?" என்றார். "எழுதுங்க" என்றேன். எழுதிவிட்டு மையை உலர்த்தினார்.

உனக்கு மனசு சமாதானமாக ஒன்று சொல்கிறேன். அவர் படுப்பது மாட்டுத் தொழுவத்தில். நான் வந்த அன்றே போர்வையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாமியார்தான் தினமும் கஞ்சி ஊற்றும்போது குத்திக்காட்டுகிறாள். "உங்க குலத்துல சிரிக்கறதுக்கும் தடையா? இல்ல, பல்லுதான் இல்லையா?" என்றாள் நேற்று. நான் பல்லைக் காட்டினேன். அவளே சிரித்துவிட்டாள்.

போன ஞாயிறு திருவிருந்து. பந்திக்கு வருகிறவர்களுக்கு மூப்பர்கள் முதல் நாளே ஈய வில்லை கொடுப்பது உனக்குத் தெரியும். யாரோடும் பகை இல்லை என்று சொல்லித்தான் அதை வாங்க வேண்டும். சித்தப்பா சொல்லிக்கொடுத்தபடி நானும் சொல்லி வாங்கிவிட்டேன். பந்தியருகே போனதும் ரொட்டியைத் தொட முடியவில்லை. கர்த்தர் முன்னால் பொய் சொல்லிவிட்டு எப்படி விழுங்குவது? வில்லையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து மதிலோரம் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அவரும் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார், சற்றுத் தள்ளி. மழை தூறியது. உள்ளே சங்கீதம் முடிகிற வரை இரண்டு பேரும் நனைந்தோம்.

கையுறை பற்றி நீ ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

மார்சலி


பெர்கன் கோட்டை
1622 மே 2

மார்சலி, நான் சுகம். நீ சுகமா?

இனி வருகிறது உனக்கில்லை. வாசிக்கிறவனுக்கு.

சோர்லி, நிறுத்தாமல் வாசி. ஃபார்க்கருக்கு இருபத்தெட்டு வயசு. அப்பா போனபிறகு எங்கள் இரண்டு பேரையும் வளர்த்தவன் அவன். மார்சலிக்குத் தலை பின்னிவிடக்கூடத் தெரியும் அவனுக்கு, கோணலாகப் பின்னுவான். நீ அவனை ஆற்றுத்துறையில் குத்திப்போட்டாய், நான்கு மாட்டுக்காக. உன் வெறுங்கால் பனியில் விறைத்ததைக் கேட்டு நான் உருகவேண்டுமா? எனக்கு நன்றாகச் சூடாக இருக்கிறது இங்கே. என் வலது கை உன் வாள்பிடியில் அன்புக்காகப் படாது. ஒருநாள் வருவேன். அன்றைக்கு அது பிடியைத் தொடும், முனை உன் பக்கம் இருக்கும்.

வாசித்துவிட்டாயா? என் தங்கைக்கு முன்னால் உன் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாமல் போனதுதான் வருத்தம்.

டோர்கில்


ஆர்டோரல்
1622 ஜூன் 17

சின்னண்ணனுக்கு. இங்கே சுகம். நீயும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

வாசித்தார். குரல் மாறவில்லை. உன் பெயரையும் வாசித்துவிட்டுக் கடிதத்தை மடித்து என் மடியில் வைத்துவிட்டு, அடுப்பெரிக்கிற கரிமண் வெட்டப் போய்விட்டார். இரண்டு பேர் வெட்டுவதை அன்று ஒருவராக வெட்டினார். எதையாவது விழுங்கியிருப்பாரோ என்று சந்தேகப்பட்டுக் கடிதத்தைப் போதகர் ஐயாவிடம் கொண்டுபோனேன். அவர் வாசித்ததும் அதேதான், ஒரு சொல் குறையவில்லை.

சாயங்காலம் கேட்டேன், அன்று ஆற்றுத்துறையில் என்ன நடந்தது என்று. இத்தனை மாதமும் கேட்கவில்லை. மாமியார் குறுக்கே விழுந்தாள். "அவந்தான் மொதல்ல வாளை உருவுனான், அதைச் சொல்லுடா" என்றாள். அவர் தலையாட்டினார். "உருவுனான். ஆனா அவன் கால் வழுக்கிடுச்சு. விழுந்தவனை விட்டிருக்கலாம். விடல. தெரிஞ்சுதான் குத்தினேன்" என்றார்.

இதை எழுதும்போது பேனா ஓரிடத்தில் நின்றது. எந்த இடம் என்று எனக்கு வாசிக்கத் தெரியாது, உனக்கு மை தேங்கியிருப்பது தெரியும்.

இப்படிச் சொல்லாமல் பொய் சொல்லியிருந்தால் எனக்கு வெறுப்பது சுலபமாக இருந்திருக்கும். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அழுகையும் வரவில்லை. பாலைக் காய்ச்சி எல்லாருக்கும் ஊற்றினேன், அவருக்கும்.

அண்ணா, கையுறையை அனுப்பு.

மார்சலி


ஆர்டோரல்
1622 செப்டம்பர் 25

சின்னண்ணனுக்கு. நீ சுகமா? கோடை முழுக்க உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. ஸ்பெயின்காரர்கள் பெர்கனைச் சுற்றி வளைத்திருக்கிறார்கள் என்று லீத் துறைமுகத்திலிருந்து வந்த வியாபாரி சொன்னான். தினமும் உன் பெயர் சொல்லி ஜெபம் பண்ணுகிறோம். பண்ணுகிறோம் என்றால் இரண்டு பேரும். நான் தொடங்கினால் அவர் ஆமென் சொல்கிறார்.

இங்கே ஓட்ஸ் அறுவடை முடிந்தது. மாமியாருக்கு இடுப்பு வலி, அதனால் வாய் இன்னும் கூர்மை. தொழுவத்தில் இப்போது மாடுகள் மட்டும்தான் படுக்கின்றன. இந்த வரியை எழுதும்போது இவர் காது சிவந்துவிட்டது. இருந்தாலும் எழுதுகிறார்.

அவர் கேட்கவில்லை. நான்தான் ஒரு மழைக்கு, "உள்ளே வாங்க, காய்ச்சல் வந்தா யார் பாக்கறது" என்றேன். எனக்கு இது சந்தோஷமா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. மரத்துப்போன காலில் உணர்ச்சி திரும்புகிறபோது முதலில் வலிக்குமே, அப்படி இருக்கிறது.

மார்ட்டின் நாள் நெருங்குகிறது. சித்தப்பா ஆள்விட்டுக் கேட்டார், கையுறை வந்ததா என்று. அவர் மகன்கள் வாள் தீட்டுவதாகக் கேள்வி. இதுவரை உன்னை எதற்கும் கெஞ்சியதில்லை. இப்போது கெஞ்சுகிறேன். எனக்கு இவர் வேண்டும்.

மார்சலி


பெர்கன் கோட்டை
1622 அக்டோபர் 12

தங்கை மார்சலிக்கு. படைப்பிரிவின் எழுத்தர் எழுதுகிறார், எனக்குச் சோம்பல். முற்றுகை விலகிவிட்டது. நான் உயிரோடிருக்கிறேன். கொஞ்சம் காய்ச்சல் இருந்தது, இப்போது தேவலை.

லீத்துக்குப் போகிற கப்பலில் ஆல்பின் என்ற நம் பக்கத்துச் சிப்பாய் வருகிறான். மார்ட்டின் நாளுக்குள் அவன் கையுறையை ஆலய முற்றத்தில் கொண்டுவந்து கொடுப்பான். கொடுத்ததைக் கொடுத்ததாக வைத்துக்கொள். இதற்குமேல் என்னை ஒன்றும் கேட்காதே.

டோர்கில்


போதகர் வீடு
1622 நவம்பர் 13

டோர்கிலுக்கு மார்சலி. எழுதுவது போதகர் மர்டோ. கைநடுக்கத்தால் எழுத்து கோணலாக இருக்கும். இந்தக் கடிதத்தை எழுத என் கணவர் மறுத்துவிட்டார். "உன் அண்ணனுக்கு அதை என் கையால எழுத மாட்டேன்" என்றார். நான் சொன்னதை அவர் எழுத மறுத்தது இதுதான் முதல் தடவை.

உன் சுகம் கேட்கவில்லை.

முந்தாநாள் எல்லாரும் முற்றத்தில் கூடினோம். அவர் மறுபடியும் வெறுங்காலோடு, அதே சட்டையோடு, முனையைப் பிடித்துக்கொண்டு முழங்காலிட்டார். ஆல்பின் பொட்டலத்தைக் கொடுத்தான். சித்தப்பா பிரித்தார், பார்த்தார், எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார். இடது கையுறை.

"வலது கையை அவன் வெச்சிக்கிட்டான்" என்றார் சித்தப்பா. "எதுக்கு வெச்சிக்கிட்டான்னு நமக்குத் தெரியாதா?"

ஆல்பினைக் கேட்டார்கள். கொடுத்ததைக் கொண்டுவந்தேன், அவ்வளவுதான் என்றான். அந்த ஆள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. உன் மே மாதக் கடிதத்தைப் பற்றிச் சித்தப்பாவும் கேள்விப்பட்டிருக்கிறார். என் வலது கை ஒருநாள் பிடியைத் தொடும், முனை உன் பக்கம் இருக்கும் என்று எழுதியவன் நீதானே. சித்தப்பா மகன்கள் முன்னால் வந்தார்கள். டோரல் ஆட்களும் இடுப்பு வாளில் கை வைத்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. முனையைப் பிடித்த விரல்களிலிருந்து ரத்தம் வந்தது.

எனக்கு அப்போது பயமில்லை. அடுப்பில் கஞ்சியை இறக்காமல் வந்துவிட்டோமே என்று தோன்றியது. நடந்துபோய் என் வலது கையை வாள்பிடியில் வைத்தேன்.

"பொம்பளை கை கணக்குல வராது, நகரு" என்றார் சித்தப்பா.

"ஃபார்க்கர் எனக்கும் அண்ணன்தான்" என்றேன். "உங்க யாருக்கும் தலை பின்னிவிடல அவன். எனக்குத்தான் பின்னினான். எனக்கு வராத கணக்கு வேற யாருக்கு வரும்? நான் மன்னிச்சாச்சு. இனி இவரைத் தொடறவங்க என்னையும் சேத்துத் தொடுங்க."

சொல்லிவிட்டுத்தான் கவனித்தேன், அது பொய்யில்லை. போதகர் ஐயா வந்து என் கைமேல் தன் கையை வைத்தார். நடுங்கும் கை, இருந்தாலும் வைத்தார். சபை சாட்சி என்றார். ஆலய முற்றத்தில் போதகர் கையை வெட்ட யாருக்கும் துணிவு வரவில்லை. சித்தப்பா கையுறையை என் காலடியில் போட்டார். இனி எனக்குப் பிறந்த வீடு கிடையாது என்று சொல்லிவிட்டு ஆட்களோடு போய்விட்டார்.

ஆக, நீ நினைத்தது நடக்கவில்லை. மாட்டேன் என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். கெஞ்சினவளுக்கு இடது கையை அனுப்பினாயே. ஒரு அண்ணனை மண்ணில் வைத்தேன். இன்னொரு அண்ணன் இருந்தான் என்பதையும் மறந்துவிடுகிறேன். இனி எழுதாதே.

மார்சலி


ஆர்டோரல்
1622 நவம்பர் 20

மரியாதைக்குரிய டோர்கில் அவர்களுக்கு, சோர்லி எழுதுவது. என் பெயரில் உங்களுக்கு எழுதுவது இதுதான் முதல் முறை. மார்சலிக்குத் தெரியாது. அவள் சுகமாக இருக்கிறாள், சரியாகச் சாப்பிடுவதில்லை.

மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. என்னைப் பற்றி நீங்கள் மே மாதம் எழுதியது அத்தனையும் நியாயம். ஒன்றே ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

உங்கள் கடிதங்களை நான்தான் வாசிக்கிறேன், அதனால் உங்கள் கையெழுத்து எனக்குப் பழக்கம். அக்டோபர் கடிதத்தை எழுத்தர் எழுதினார், அது பெரிதில்லை. அடியில் உங்கள் பெயரை நீங்களே போட்டிருக்கிறீர்கள். அது எழுத்துப் பழகுகிற பிள்ளையின் கையெழுத்து போலக் கிடக்கிறது. அன்றைக்கே உறுத்தியது. முற்றத்தில் கையுறையைப் பார்த்தபோது புரிந்தது என்று நினைக்கிறேன். உங்களுக்கு வலது கை இருக்கிறதா?

இதை அவளிடம் நான் சொல்லவில்லை. தவறாக இருந்தால் அவளுக்கு வீண் ஆறுதல். சரியாக இருந்தால் அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

அந்தக் கையுறையை எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

சோர்லி


பெர்கன்
1623 ஜனவரி 6

மார்சலி,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றை மட்டும் வாசிக்கச் சொல்லிக் கேள். இடது கையால் எழுதுகிறேன், அதனால் சுருக்கமாக.

ஆகஸ்டில் கோட்டைச் சுவரில் குண்டு விழுந்தது. மணிக்கட்டுக்கு மேலே வரை அறுத்துவிட்டார்கள். வலது கை. ஆல்பினிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன். ஒருகை அண்ணனை நினைத்து நீ உட்கார்ந்து அழுவாயே என்று மறைத்தேன். பாதி பொய். வெட்கம்தான். அவனை வெட்டுவேன் என்று எழுதி மூன்று மாதத்தில் வெட்டுகிற கை போயிற்று.

அறுத்த கையைத் தொட்டியில் போட்டபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஃபார்க்கருக்காக வைத்திருந்த கை போய்விட்டதே என்றுகூடத் தோன்றவில்லை. அப்புறம் உன் கடிதம் வந்தது, இவர் வேண்டும் என்று. வலது கையுறை என்னிடம் இருந்தது. அதற்குள் கை இல்லை. வெறும் தோலை அனுப்பி இது என் கை என்று சொல்ல மனசு வரவில்லை. இருக்கிற கையைக் கொடுப்பதுதான் கொடுப்பது என்று நினைத்தேன். அங்கே அதை எப்படிப் பார்ப்பார்கள் என்று யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும். உன் புருஷன் செத்திருப்பார், என்னால்.

அவர் எனக்கு எழுதினார். அவர் மட்டும்தான் கேட்டார். அவரிடம் சொல், மனசார மன்னித்தேன் என்று சொன்னால் பொய். கொடுத்த கையைத் திரும்ப எடுக்கமாட்டேன்.

படையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். வசந்தத்தில் கப்பல். எந்த வீட்டுக்கு வருவது என்று தெரியவில்லை.

டோர்கில்


ஆர்டோரல்
1623 பிப்ரவரி 19

என் சின்னண்ணனுக்கு,

எழுதுவது சோர்லி. சொல்வது நான். நாங்கள் சுகம். புண் ஆறிவிட்டதா? பனியில் வலிக்கிறதா? தனியாகச் சட்டை போட வருகிறதா? நல்ல ரொட்டி கிடைக்கிறதா? இதெல்லாம் நவம்பரிலேயே கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் என்னென்னவோ எழுதச் சொன்னேன். அதைக் கிழித்துப்போட்டுவிடு.

உன் கடிதத்தைக் காலையில் வாசித்தார். தொட்டி என்ற இடத்தில் நான் எழுந்து வெளியே போய்விட்டேன். ஓடைக்கரையில் உட்கார்ந்து அழுதேன். உனக்காகத்தான் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் ஃபார்க்கர் பெயரைச் சொல்லி அழுதுகொண்டிருந்தேன். அவன் போய் இரண்டு வருஷமாகப் போகிறது, அண்ணா, இப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. மாமியார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு அப்படியும் இருக்க வரும் என்று எனக்குத் தெரியாது.

எந்த வீடு என்று கேட்கிறாய். இந்த வீடு. கப்பல் எந்த நாளில் வருகிறதென்று எழுது. லீத்தில் குதிரையோடு இவர் நிற்பார். வருகிற வழியில் நீ குதிரைமேல் இருப்பாய், கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஃபார்க்கரைக் கொன்றவர் முன்னால் நடப்பார். அதை மறந்துவிடு என்று சொல்லமாட்டேன். நானும் மறக்கவில்லை. தினமும் அவருக்குச் சாப்பாடு போடுகிறேன், தினமும் நினைவிருக்கிறது. இருந்தும் சாயங்காலம் அவர் வரத் தாமதமானால் வாசலுக்குப் போய்ப் பார்க்கிறேன்.

வா.

மார்சலி